யார் போட்ட படம்

எங்கள் துறைத் தலைவர் எந்தப் படத்தையும் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பார். வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்டு, ஈரம் முழுக்கக் காயாத கேன்வாஸைப் பேருந்தில் யார்மீதும் உரசாமல் தூக்கிவந்து, ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு நாங்கள் ஒதுங்கி நிற்போம். அவர் வருவார். படத்தைப் பார்க்காமலே இரண்டு கையாலும் தூக்கித் திருப்புவார். மரச்சட்டம், அடித்த ஆணி, துணியின் நெசவு, அதில் ஊறி இறங்கிய எண்ணெய்க் கறை என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே முன்பக்கத்துக்கு வருவார். ஓரத்தில் நகத்தால் மெல்ல ஒரு கீறல். மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம். அப்புறம் படம் போட்டவரின் கைவிரல்கள். நகக்கண்ணில் சாயம் ஒட்டியிருக்கிறதா, என்ன நிறம், அந்த நிறம் படத்தில் இருக்கிறதா. எல்லாம் சரிப்பட்டால்தான் "ம், சொல்லு" என்பார்.

கோயம்புத்தூரில் நான் ஓவியம் படித்த அந்தக் கல்லூரியில் அவரைப் பற்றிப் பல கதைகள் உலவின. எங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு வகுப்பில் ஒரு மாணவர் வெளியில் ஆள் வைத்துப் போட்ட படங்களைக் காட்டிப் பரிசு வாங்கிவிட்டதாகவும், விஷயம் வெளிப்பட்டபோது மதிப்பெண் போட்ட இவர்தான் தலைகுனிந்து நின்றதாகவும் சீனியர்கள் சொன்னார்கள். உண்மையா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர் மேல் எங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் போட்ட படம் ஒன்றைக்கூட எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவர் அறைச் சுவரில் ஒரு காலண்டர் தவிர வேறொன்றும் தொங்கவில்லை. "அவருக்குப் படமே போடத் தெரியாது" என்று ஒருத்தன் சொல்வான். "போட்டதையெல்லாம் அவரே திருப்பிப் பாத்துச் சந்தேகப்பட்டுக் கொளுத்தியிருப்பாரு" என்று இன்னொருத்தி சொல்வாள். சிரிப்போம். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

நான் கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் பேருந்தில் போய்வந்தேன். வீட்டுக்கு எதிரிலேயே எங்கள் தறிக்குடோன். அப்பா கூலிக்கு நெசவு எடுத்து விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளியில் நான் படம் போடுகிற பெண் என்று பேர் வாங்கியவள். போட்டோவின் மேல் கட்டம் கட்டி, அதே கட்டத்தைத் தாளில் பெரிதாகப் போட்டு, முகத்தை அச்சுப்போல இறக்கிவிடுவேன். ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவர் முகம். ஊரில் யாராவது காலமானால் மாலை போட்டு வைக்க அவர் முகம். கட்டம் கட்டும் வித்தையை எனக்குக் காட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவிநாசியில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தார். அந்த உறவு பின்னால் எனக்கு எதிரான சாட்சியாக நிற்கும் என்று அப்போது தெரியாது.

முதல் இரண்டு வருடங்கள் எனக்குச் சிரமமே இல்லை. பானையும் கத்தரிக்காயும் துணி மடிப்பும் வைத்து வரையச் சொன்னார்கள், வரைந்தேன். எதிரில் ஒரு ஆளை உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். காது மடல் வரைக்கும் பிசகாமல் வரைந்தேன். உக்கடம் குளக்கரையில் வெயிலில் உட்கார்ந்து தண்ணீரில் விழுந்த கட்டடங்களை வரைந்தேன். மற்றவர்கள் என் படத்தைச் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். துறைத் தலைவர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். "கை இருக்கு. ஆள் இல்லை."

மூன்றாம் வருடம் தொடங்கியதும் அந்த வாக்கியம் என்னைத் தின்னத் தொடங்கியது. இனிமேல் பொருளைப் பார்த்துப் போடுவதல்ல, உங்களுக்கென்று ஒரு பாணி வேண்டும், ஆண்டு இறுதியில் அதற்குத்தான் மதிப்பெண் என்றார்கள். வகுப்பில் ஆளாளுக்கு ஒரு பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் எதைப் போட்டாலும் கறுப்புக் கோடு கட்டினான். ஒருத்தி நீலத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றாள். தீபாவளிக்குத் துணி எடுத்ததுபோல் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் பாணி வந்துவிட்டதில் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்த வால்பாறைத் தோழியின் படங்களை மட்டும் நம்பினேன். எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். அவள் படத்தில் வானமே இருக்காது. மலைச்சாலையின் வளைவில் திரும்பும் பேருந்து ஜன்னலிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, சரிவு சரிவாகத் தேயிலை, நடுவில் புள்ளிகளாக ஆட்கள். யாரும் அவளிடம் பாணி எங்கே என்று கேட்டதில்லை. நான் அவளைப் பார்த்து ஒரு முறை வானமில்லாமல் போட்டுப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது; கிழித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. வீட்டில் ஆள் வேண்டும். கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காலையில் சமையல், அம்மாவுக்கு மருந்து. மத்தியானம் அம்மா தூங்கியதும் குடோனுக்குப் போய் அப்பாவைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தறிகளைப் பார்த்துக்கொள்வேன். நூல் அறுந்தால் தறி ஓட்டும் அக்கா முடிந்துகொள்வாள். நான் சும்மா இருப்பதுதான் வேலை. சும்மா இருக்க முடியாமல் சாயப்பெட்டியை அங்கே கொண்டுபோனேன். கேன்வாஸ் வாங்கப் போக நேரமில்லை. எங்கள் தறியில் நெய்த காடாத் துணியையே சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, பசையும் சாக்பீஸ் தூளும் பூசிக் காயவைத்துக்கொண்டேன்.

விசைத்தறி ஓடும் இடத்தில் பஞ்சு பறக்காமல் இருக்காது. எண்ணெய்ச் சாயம் காய நாளாகும். ஈரத்தில் பஞ்சு வந்து வந்து படிந்தது. நான் அந்த அக்காவின் முகத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், என் பழைய கையால், மூக்கின் நிழல் வரைக்கும் சுத்தமாக. மறுநாள் போய்ப் பார்த்தால் முகம் முழுக்க வெள்ளை ரோமம். ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்கப் படிந்தது. ஒருநாள் அலுத்துப்போய், எடுக்காமல் அதன் மேலேயே பூசினேன். சாயத்தை உறிஞ்சிய பஞ்சு தோல்போலத் தடித்துக்கொண்டது. முகம் போய்விட்டது. நான் அத்தனை பெருமைப்பட்ட மூக்கும் கண்ணும் உதடும் போய்விட்டன. ஆனால் தறியின் மேல் குனிந்து நிற்கும் அந்த உடம்பின் கனம் மட்டும் போகவில்லை. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு காலில் பாரம் ஏற்றி, ஒரு நாளில் பாதியை நின்றே கழித்த உடம்பு. அது அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்டதுதானா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தச் சந்தேகம் முதலில் வந்தது எனக்குத்தான்.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்தப் படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் வழக்கம்போல் தூக்கித் திருப்பினார். துணியைத் தடவினார். "இது கடையில வாங்கின கேன்வாஸ் இல்லையே" என்றார். முன்பக்கம் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் ஒரு படத்தின் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும். என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன.

"இது யாரு போட்டது?"

"நாந்தானுங்க சார்."

"விடுப்புல போறதுக்கு முன்னாடி போட்டதையும் பாத்திருக்கேன். இதையும் பாக்கறேன். ஒரே ஆள் போட்டதா?"

"ஆமாங்க சார்."

"உனக்கு ஒரு மாமா இருக்காரில்ல, போர்டு எழுதறவரு?"

முதல் வருடம் அறிமுகத்தின்போது நானே பெருமையாகச் சொன்னது அது. அவர் மறக்கவில்லை. ஆமென்று தலையாட்டினேன். "சரி," என்றார் அவர், "இங்கயே உக்காந்து ஒண்ணு போடு. பாக்கலாம். அதுவரைக்கும் இதுக்கு மார்க் இல்லை."

ஸ்டுடியோவின் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கினார்கள். வெள்ளைச் சுவர், வடக்கு வெளிச்சம், சத்தமே இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதியில் என் தூரிகை துணியில் உரசுவது எனக்கே பெரிதாகக் கேட்டது. அவ்வப்போது வாசலில் நிழல் விழும். திரும்பிப் பார்க்காமலே அவர் என்று தெரியும். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த கை தனக்குப் பாதுகாப்பான இடத்துக்கு ஓடிவிடுகிறது. என் கை பள்ளிக்கூடத்துக்கே ஓடிப்போனது. மூக்கு வந்தது, கண் வந்தது, உதடு வந்தது. வீட்டிலிருந்து பையில் பஞ்சு கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய பஞ்சாகவே இருந்தது. கடைசியில் ஸ்டாண்டில் நின்றது ஒரு அழகான, உயிரில்லாத, அச்சுப்போன்ற பெண் முகம். அவர் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தான் நினைத்தது சரிதான் என்று தலையை லேசாக ஆட்டிக்கொண்டு போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு எல்லோருடைய பார்வையும் மாறிவிட்டது. நான் உள்ளே போனால் பேச்சு வேறு திசைக்குத் திரும்பும். என் தூரிகைகளை யாராவது தொட்டிருக்கிறார்களா, என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்களா என்று நானும் பார்க்கத் தொடங்கினேன். வால்பாறைத் தோழியை அவர் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரிந்தது. கேண்டீனில் அவளைக் கேட்டேன்.

"என்ன சொன்னே?"

"நீ போட்டதை நான் பாக்கலைன்னு சொன்னேன். நான் பாக்கலதானே?"

"ஆமா. பாக்கல."

கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்கு வந்தப்போ பாத்தேன்னு வேணா சொல்லட்டுமாடி?" என்றாள். எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தாள். உண்மை என் பக்கம் இருக்கும்போது பொய் எதற்கு? அவளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஒருநாள் துறைத் தலைவர், "படத்தை எடுத்துக்க. உங்க மாமா கடைக்குப் போலாம்" என்றார். வால்பாறைத் தோழியையும் துணைக்கு வரச்சொன்னார். மூவரும் அவிநாசி பஸ் ஏறினோம். வழியெல்லாம் படத்தை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் ஊர் நிறுத்தம் வந்து போனது. மாமாவின் கடையில் அப்போதே பலகை குறைந்து ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் யாருடைய பூப்புனித நீராட்டு விழாவுக்கோ பேனர் செய்துகொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. ஏனுங்க சார் நிக்கறீங்க, உக்காருங்க. அம்மணி, சாருக்குச் சேர் எடுத்துப் போடு."

அவர் உட்காரவில்லை. சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் படத்தை மாமாவுக்கு நேரே பிடித்தார். "இதை நீங்க போட்டீங்களா?"

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார், தள்ளிப்போனார், தலையைச் சாய்த்தார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. இதுல மூஞ்சியே இல்லீங்களே" என்றார். "மூஞ்சி இல்லாம ஒரு போர்டு எழுதிக் குடுத்தா எந்தக் கடைக்காரரு வாங்குவாருங்க? எனக்கு இப்படிப் போட வராதுங்க. வந்தாலும் போட மாட்டனுங்க."

"அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார் துறைத் தலைவர்.

மாமாவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. "காபி சாப்புடுங்க சார். அப்பறம் பேசிக்கலாமுங்க" என்று ஆளை அனுப்பினார். காபி வருவதற்குள் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "கண்ணு, நெசமா நீதான் போட்டயா? வேற ஆராச்சும் போட்டுக் குடுத்தாங்களா? எங்கிட்டச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

வேற ஆராச்சும் என்ற சொல்லுக்குள் ஒரு பையன் இருந்தான் என்பது அன்று இரவு வீட்டுக்குப் போனதும் புரிந்தது. மாமா அம்மாவிடம் போனில் பேசியிருந்தார். அம்மா அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "ஆரு அந்தப் பையன்? காலேசுல படிக்கறவனா?" நான் அழுதேன். அழுததை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது என்னைக் குடோனில் பார்த்தவர் அவர்தானே. அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "என்னமோ பூசிக்கிட்டிருந்தா. அதுவா இதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். தறியை விட்டு நிமிராத அந்த அக்காவும் படத்தைப் பார்த்ததில்லை. அடுத்த வாரத்திலேயே ஒரு ஜாதகம் வீட்டுக்கு வந்தது. படிப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று அதுவரை பேசிவந்தவர்கள், படித்தது போதும் என்று பேசத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில்தான் நான் பாணி என்பதைப் பற்றி உண்மையாக யோசித்தேன். பயத்தில் யோசித்தேன் என்று சொல்வதுதான் சரி. எனக்குச் சொந்தமான ஒன்று ஏன் இன்னொருவர் முன்னால் வரமாட்டேன் என்கிறது? வராததைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை அது பஞ்சு போட்ட படம்தானோ, நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனோ. அவர் என்னைச் சந்தேகப்பட்டதைவிட நான் என்னை அதிகம் சந்தேகப்பட்டேன். பேருந்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு திரும்பத் திரும்ப அந்த மத்தியானங்களை நினைத்துப் பார்த்தேன். ஸ்டுடியோவில் இல்லாத எது குடோனில் இருந்தது? சத்தம் இருந்தது. தறிகள் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. கை ஜாடை, கண் ஜாடைதான். அங்கே என்னிடம் கேள்வி கேட்க ஆளில்லை. நான் போடுவது நன்றாக இருக்கிறதா என்று நானே என்னைக் கேட்டாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது.

ஒருநாள் அவர் அறைக்குப் போனேன். "சார், எனக்கு இங்க போட வரலீங்க. எங்கூர்ல, தறிக்குடோன்ல போட்டுக் காட்டறேனுங்க. நீங்க வந்து உக்காந்து பாருங்க" என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார். "சனிக்கிழமை வாரேன்" என்றார்.

வந்தார். ஸ்கூட்டரில், முன்னால் ஒரு கேன்வாஸை நிறுத்தி வைத்துக்கொண்டு. அவரே கட்டிப் பூசிய கேன்வாஸ். பின்பக்கம் அவருடைய கையெழுத்து இருந்தது. நடுவில் யாரும் மாற்றிவிடக் கூடாதாம். அப்பா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், எனக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தார். என்னமோ சொன்னார். கேட்கவில்லை. எழுந்து காதருகே வந்து கத்தினார், அப்போதும் கேட்கவில்லை. கையை விரித்துவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். நான் தொடங்கினேன். முதலில் கை பழைய இடத்துக்கே போனது. முதுகில் அவர் பார்வை இருப்பது தெரிந்தது. ஆனால் தறியின் அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது, பஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. எப்போது அவரை மறந்தேன் என்று எனக்குத் தெரியாது. குனிந்து நிற்கும் அக்காவின் தோளும் இடுப்பும் வெள்ளைக்குள்ளிருந்து திரண்டுவந்தன.

திடீரென்று கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. காதுக்குள் விண்ணென்ற அமைதி. என் கையும் நின்றுவிட்டது, தூரிகை துணியைத் தொட்டபடியே.

"ஏன் நிறுத்திட்டே?" அவர் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"தெரியலீங்க சார்."

"சாயம் இருக்கு, வெளிச்சம் இருக்கு. போடு."

போட முயன்றேன். வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நின்ற தறிகளைப் பார்த்தார், கூரையிலிருந்து அப்போதும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த பஞ்சைப் பார்த்தார். கரண்ட் வந்தது. இரைச்சல் எழுந்தது. என் கை தானாக நகர்ந்தது. அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பியதாகவே எனக்கு நினைவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்து கைகால் கழுவினார். தலையெல்லாம் பஞ்சு. அம்மா சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தாள். வைத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டாள். "ஏனுங்க சார், எம்புள்ள மேல உங்களுக்கு என்ன சந்தேகமுங்க? சொல்லிப்போடுங்க. எதா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்."

"இப்ப ஒண்ணுமில்லைங்கம்மா. அவதான் போட்டா. நான் கூடவே உக்காந்திருந்தேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா மெதுவாக மூச்சு விட்டார். ஜாதகம் திரும்பிப் போயிற்று.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ போட்டதுதான். ஆனா நல்லா இருக்குன்னு நான் சொல்லலை. அது வேற கேள்வி." மன்னிப்பு என்ற சொல்லின் பக்கமே அவர் போகவில்லை. மதிப்பெண் வந்தது, தேறினேன். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதைத் தெரிந்துகொண்டவர்கள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒரு சந்தேகம் தீர்ந்தால் அது கிடந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை அந்த வருடம் கற்றேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

படிப்பு முடிந்து இப்போது பல வருடங்கள் ஆகின்றன. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் போடும் வேலை. படம் போடுவதை விடவில்லை. ஆனால் பஞ்சுப் படங்களை எப்போதோ விட்டுவிட்டேன். கல்யாணமாகி வேறு வீட்டுக்கு வந்தது ஒரு காரணம். யாராவது பார்த்தவுடன் இது அவளுடையது என்று சொல்லிவிடுவார்கள் என்ற எண்ணமே எனக்கு ஒவ்வாமல் போனது இன்னொரு காரணம். இப்போது நான் போடுவது வேறு. அது என்ன பாணி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் வால்பாறைத் தோழி வாட்ஸ்அப்பில் சில போட்டோக்கள் அனுப்பினாள். கோயம்புத்தூரில் ஒரு சிறிய அரங்கில் எங்கள் துறைத் தலைவரின் ஓவியக் கண்காட்சி, ஓய்வுக்குப் பிறகு, முதல் முறையாக. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். 'உன்னோடது மாதிரியே இருக்குடி.' பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை. தடித்த, ரோமம் படிந்த வெள்ளை. அதற்குள் முகமில்லாமல் குனிந்து நிற்கும் உடம்புகள். மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அரங்கில் கூட்டமில்லை. அவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. நான் அவரிடம் போகாமல் முதலில் சுவர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தையும் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒன்று இறுகிக்கொண்டே வந்தது. தறி, குனிந்த தோள், சாய்ந்த இடுப்பு. நான் விட்டுவிட்ட ஒன்றை இன்னொருவர் எடுத்து வைத்திருப்பதைப் பார்த்தபோதுதான் அதை விட்டது எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. நேராக அவர் முன்னால் போய் நின்றேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாம்மா. பாத்தியா?"

"பாத்தேனுங்க சார். இது என்னோட படமுங்க."

"எது?"

"இந்தப் பஞ்சு. இந்த வெள்ளை."

"பஞ்சு உங்கப்பா தறியில இருந்து வந்தது" என்றார் அமைதியாக. "அன்னிக்கு ஒரு மத்தியானம் பூரா நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். நீ உன் படத்தைப் பாத்துட்டிருந்தே. நான் மத்ததையெல்லாம் பாத்துட்டிருந்தேன். வீட்டுக்குப் போயும் அந்தச் சத்தம் காதை விடலை. அந்த வாரமே தொடங்கிட்டேன்."

"ஏனுங்க சார் அப்பவே காட்டலை?"

"காட்டினா எல்லாரும் சந்தேகப்படுவாங்க. மொதல்ல நீ படுவே."

"இப்பவும் படறேனுங்க சார்."

"படு" என்றார். "அதுக்குத்தான் மாட்டியிருக்கேன்."

மறுபடியும் படங்களிடம் திரும்பினேன். இந்த முறை அவசரப்படாமல் பார்த்தேன். சிலவற்றில் அவர் என்னைத்தான் போட்டிருந்தார். அதாவது, நான் போடும் விதத்தை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒன்றிரண்டில் தறிகள் என் படங்களில் இருந்ததைவிடக் கனமாக இருந்தன; அவற்றின் முன்னால் எனக்குக் குழப்பம் வந்தது. கடைசியில், கதவுக்குப் பக்கத்து மூலையில், சின்னதாக ஒரு படம். முதல் சுற்றில் நான் கவனிக்காமல் கடந்துபோனது. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் ஒரு கேன்வாஸின் ஓரம் தெரிகிறது. தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றன, யாரோ அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்ப்பதுபோல். பின்னல், கழுத்து, தாவணியின் மடிப்பு எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்திருக்கிறது. தறியில் நிற்கிறவர்கள் மேல் படிவதைப் போலவே அவள் மேலும் படிகிறது. அவளுக்கு அது தெரியவில்லை.

அந்த இடத்தில் அத்தனை மத்தியானங்கள் உட்கார்ந்தும் நான் பார்க்காதது அது ஒன்றுதான். பார்த்திருக்கவும் முடியாது. அந்தத் தோள்கள் அப்படி ஏறியிருந்ததை இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. எவ்வளவு பயந்திருக்கிறேன் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"இது மட்டும் உங்களுதுங்க சார்" என்றேன்.

"மத்ததெல்லாம்?"

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

சரி என்று தலையாட்டினார். நான் இன்னும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.